மகாராணியின் அண்ணன்

விலங்கு ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்ரே இயந்திரம் ஒரு திங்கட்கிழமை காலையில் லேசாகப் புகைந்து நின்றுபோனது. பத்து மணிக்கு ஒரு பன்றியின் இதயத்தில் புது வகை ஸ்டென்ட் வைத்துப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. சுருங்கிய ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன வலைக்குழல்தான் ஸ்டென்ட். மனிதர்களுக்கு வைக்குமுன் பன்றிக்கு வைத்துப் பார்ப்பார்கள். பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் ஏறக்குறைய நம்முடையது மாதிரியே இருக்கும்.

கால்நடை டாக்டர் ஏற்கெனவே மயக்க மருந்து கொடுத்துவிட்டார். மருந்தும் ஸ்டென்டும் வீணாவதில் பெரிய டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்லை.

"பக்கத்து ஆஸ்பத்திரி அண்டர்கிரவுண்ட்ல புது மெஷின் வந்திருக்கு. அனுமதி வாங்கிட்டேன். தள்ளிட்டு வாங்க" என்றார்.

தள்ளிக்கொண்டு போனவர் கதீட்டர் டெக்னீஷியன். பன்னிரண்டு வருடமாக டாக்டரம்மாவின் கையில் கம்பியும் குழாயும் எடுத்துக் கொடுப்பவர். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றுதான் அவர் வாயில் வரும். பன்றியைப் பச்சைத் துணியால் கழுத்துவரை போர்த்தி, முகத்தில் இன்னொரு துணியைப் போட்டு லிஃப்டில் ஏற்றினார். உள்ளே நின்ற முதியவர் ஒருவர் துணி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க உடம்புக்கு?" என்று கேட்டார்.

"ஹார்ட்டுங்க."

"சின்ன வயசா?"

"ரொம்பச் சின்ன வயசு."

முதியவர் உச்சுக்கொட்டிவிட்டுத் தரைத்தளத்தில் இறங்கிக்கொண்டார்.

புது இயந்திரம் நோயாளி எண் இல்லாமல் இயங்காது. எண் வேண்டுமென்றால் பதிவு கவுண்டருக்குப் போக வேண்டும். டெக்னீஷியன் ஓடினார். கவுண்டரில் இருந்த அம்மாள் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேரு?"

"இருபத்தேழு."

"வயசைக் கேக்கல. பேரு."

"பேருதாங்க இருபத்தேழு. காதுல மாட்டியிருக்கு. அது பன்றிங்க."

"எதுவா வேணா இருக்கட்டும். பேருல நம்பர் வந்தா சிஸ்டம் எடுக்காது."

தீனி வைத்தால் ஒழிய எழுந்திருக்க மாட்டாள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் மகாராணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே சொன்னார்.

"வயசு?"

"அஞ்சு மாசம்."

"எடை?"

"அறுபத்திரண்டு கிலோ."

அந்த அம்மாள் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பாகி, குழந்தைகள் பிரிவுக்கு உடனே தகவல் சொல்லும்படி மணியடித்தது.

"முப்பத்தஞ்சு வயசுன்னு போட்டுக்கறேன்" என்றார் அவர். "பன்றின்னு ஒரு கட்டம் இருந்தா நான் போட மாட்டேனா? இல்லியே. சரி, நெருங்கின சொந்தம் யாரு?"

"யாரும் இல்லீங்க."

"யாராவது இருந்தாத்தான் அடுத்த பக்கம் வரும்."

டெக்னீஷியனின் கைபேசி அடித்தது. "எவ்வளவு நேரம்? மயக்கம் தெளிஞ்சிடப் போகுது" என்று கத்தினார் டாக்டரம்மா. டெக்னீஷியன் கவுண்டர் பக்கம் குனிந்தார்.

"அண்ணன்னு போடுங்க. என் நம்பரே போட்டுக்குங்க."

அன்றைய வேலை நல்லபடியாக முடிந்தது. தொடை ரத்தக் குழாய் வழியாகக் கம்பி மேலே ஏறியது; சாயம் பாய்ந்ததும் இதயத்தின் குழாய்கள் திரையில் கறுப்புக் கிளைகளாக விரிந்தன. நடுவில் ஒரு தடவை துடிப்பு தாறுமாறாகி, மின்அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஸ்டென்ட் சரியான இடத்தில் உட்கார்ந்தது. இனி இருபத்தெட்டு நாள், ரத்தம் உறையாமலிருக்க தினமும் வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள் மறுபடி படம் எடுத்துவிட்டு, மயக்கத்திலேயே உயிரை முடித்து, இதயத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பழம் கொடுக்கும் வேலை அண்ணனிடமே வந்தது.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையிலிருந்த கைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் பேசறேங்க. மகாராணியோட அண்ணன் வீடுதானே?"

"எந்த மகாராணி?"

"உங்க நாத்தனார்தாம்மா. முப்பத்தஞ்சு வயசு. ஸ்டென்ட் வெச்சு மூணு வாரம் ஆச்சு, இன்னும் ஒரு தடவைகூட என்னை வந்து பாக்கல. எண்ணெய்ப் பண்டம் எல்லாம் குறைச்சுட்டாங்களா?"

தனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்று சொல்லித்தான் அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். துண்டோடு வெளியே வந்தவரிடம் அவள் நிதானமாகக் கேட்டாள்.

"மகாராணி யாருங்க?"

"ஓ, அதுவா? அது பன்றி."

"சொந்தத் தங்கச்சியை இப்படியா பேசுவீங்க? உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தா பன்றியா?"

"ஐயோ, நிஜமாவே பன்றிடி!"

"போதும். இன்னொரு வார்த்தை பேசாதீங்க. பாவம், இதயத்துல நோவு வந்த பொண்ணு."

அவள் நேராக மாமியாருக்கு ஃபோன் போட்டாள். மதியத்துக்குள் டெக்னீஷியனின் அம்மா கைப்பையும் சிவந்த கண்ணுமாக வந்து இறங்கிவிட்டார். அப்பா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

"மாசத்துக்கு ரெண்டு தடவை வேலை விஷயமா வெளியூர் போறேம்பார் உங்கப்பா. ஸ்டோர் கீப்பருக்கு வெளியூர்ல என்னடா வேலை? எனக்கு அப்பவே சந்தேகம்."

"அம்மா, அப்பாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா!"

"நீயும் அவரு பக்கம்தானே பேசுவே. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ரகசியமா ஆஸ்பத்திரியில சேர்த்து அண்ணன்னு கையெழுத்தும் போட்டிருக்கே."

அந்த நாலைந்து நாளும் அம்மா சமையலறையிலும் கூடத்திலும் படுக்கையிலும் செத்துப்போன புருஷனை விடாமல் திட்டினார். புதன்கிழமை காலை கோபம் தணிந்து, தலைவாரிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? வாடா, போய்ப் பாத்துட்டு வரலாம். எனக்கும் ஒரு பொண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

மருமகள் கஞ்சி வைத்து ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டாள், எண்ணெய் சேர்க்கவில்லை.

டெக்னீஷியன் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைகழுவச் சொன்னார், காலுக்கு உறை மாட்டச் சொன்னார். கடைசிக் கூண்டருகில் வந்து நின்றார்.

"இதாம்மா மகாராணி."

மகாராணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பழத்தின் வாசனை வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள். கூண்டின் மேல் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையில் பெயர், வயது முப்பத்தைந்து, பாதுகாவலர் அண்ணன் என்று அச்சாகியிருந்தது.

மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் ஃப்ளாஸ்க்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கூண்டுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்போ உங்கப்பா..."

"அப்பா ஒண்ணும் பண்ணலம்மா."

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா திட்டிக்கிட்டே இருந்தேன்டா. வீட்டுக்குள்ள எங்கயோ இருந்து கேட்டுக்கிட்டு இருக்காருன்னே தோணிச்சு. இப்போ மறுபடியும் யாருமில்லாத மாதிரி ஆயிடுச்சு."

மகாராணி எழுந்து வந்து கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டினாள். அம்மா பழத்தை உரித்து, மகன் கொடுத்த மாத்திரையை நடுவில் அழுத்தி, ஊட்டினார். "மெதுவா, மெதுவா" என்றார். பிறகு திரும்பி, "இதை எப்போடா வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்டார். டெக்னீஷியன் பதில் சொன்னார். கிளம்பும்போது அம்மா அந்த ஈர மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து இருபத்தெட்டாம் நாள் வந்தது. திரையில் குழாய் துளி அடைப்பின்றித் திறந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆனால் நோயாளி இறந்ததாகப் பதிவு செய்தால்தான் இதயத்தை எடுப்பதற்கான பக்கம் திறக்கும். அதற்கு நெருங்கிய சொந்தத்தின் கையெழுத்து வேண்டும். டெக்னீஷியன் மறுபடி கவுண்டருக்குப் போனார். ஆயிரம் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கைதான். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

கவுண்டர் அம்மாள் முதன்முறையாகத் திரையிலிருந்து தலையைத் திருப்பினார்.

"அங்க நாற்காலி இருக்கு, உக்காருங்க. இந்தப் படிவத்துக்கு எல்லாரும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போடுவாங்க."

உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். 'உறவு' என்ற இடத்தில் அவரே கைப்பட அண்ணன் என்று எழுத வேண்டியிருந்தது.

அன்று மாலை நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு. தங்கை இறந்ததால் மூன்று நாள் துக்க விடுப்பு தானாகவே பதிவாகிவிட்டதாம். "அது பன்றிங்க, எனக்கு லீவு வேணாம்" என்றார். மறுமுனையில் இருந்தவர் தணிந்த குரலில், "இந்த நேரத்துல மனசு எதை எதையோ பேச வைக்கும். வீட்டுக்குப் போங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரி ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மருந்தகத்திலிருந்து இரண்டு பேர், சலவைப் பிரிவிலிருந்து ஒருவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்ல டெக்னீஷியனுக்குத் தெம்பில்லை. அம்மா முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என் வயித்துல பொறக்கலை. ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். ஆனா என் கையால சாப்பிட்டா" என்றார் எல்லோரிடமும். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. மருமகள் எல்லோருக்கும் தேநீர் போட்டாள்; சிரிப்பு வரும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு மெலிந்த இளம்பெண் வந்தாள். அவள்தான் உணவு ஆலோசகர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் அவங்களை இன்னும் கண்டிப்பா விரட்டியிருக்கணும் சார். தப்பு என்மேலதான். வாயைக் கட்டியிருந்தா பொழைச்சிருப்பாங்களோ?"

"உங்க தப்பு எதுவுமே இல்லம்மா" என்று பதறினார் டெக்னீஷியன். "அவளுக்கு இதயம் கடைசிவரை நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல நானே பாத்தேன். துளி அடைப்புகூட இல்ல."

"அப்புறம் எப்படி சார்?"

அவர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் திறந்தார். அழுகை வந்துவிட்டது. கூடத்து நடுவில் நின்று, பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதார். மனைவி இந்தத் தடவை சமையலறைக்குப் போகாமல் பக்கத்தில் வந்து நின்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா, "உள்ள வாம்மா, உக்காரு. வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப்போய், காலையில் வைத்து மிஞ்சியிருந்த கஞ்சியைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.