ஜானி பாஷா கடை நாற்காலி

தேரடித் தெரு டாக்சி ஸ்டாண்டில் அன்று காலை வேணு மூன்றாவது குடம் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தான். அம்பாசடர் கார் அத்தனையையும் மடமடவென்று குடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் வெள்ளைப் புகையாகக் கக்கியது. செங்கம் போகவேண்டிய சவாரிக்காரர் புகையைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"இன்னாடா வேணு, வண்டிக்குள்ள அடுப்பு வச்சிக்கினு இருக்கியா?" என்று பக்கத்து வண்டி சக்கரபாணி சிரித்தான்.

வேணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. திருவண்ணாமலையில் வாடகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் ஒரே அறுவடை அதுதான். வண்டியின் சொந்தக்காரி ஜோதியம்மாளுக்கு, கணவர் போன பிறகு மிஞ்சியது இந்தக் காரும் ஒரு தையல் மிஷினும். மூத்த மகள் வேதா ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் படிக்கிறாள். அந்தப் படிப்பு தீபத்துச் சவாரியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக அந்த வண்டியை ஓட்டும் வேணுவின் வீட்டு உலையும் அதை நம்பித்தான் கொதித்தது.

வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு அவன் போளூர் ரோட்டில் இருந்த பலராமன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். வழக்கமாகப் போகிற இடம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. வண்டி முதலாளி பில்லைக் கட்டிய மறுநாள், வண்டியைக் கொண்டுவந்த டிரைவருக்குப் பலராமன் ஒரு தீப்பெட்டி கொடுப்பார். அதை ஆட்டிப் பார்த்தால் குச்சிச் சத்தம் வராது. உள்ளே மடித்த நோட்டு இருக்கும். வேணு பீடி பிடிக்காதவன், ஆனால் அவன் வீட்டு மாடத்தில் காலித் தீப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஊரில் எல்லா டிரைவரும் வாங்குகிறார்கள், இது மாமூல்தானே என்று அவன் நினைத்துக்கொள்வான். திருட்டுக்கு மாமூல் என்று பெயர் வைத்துவிட்டால் மனுஷனுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

பலராமன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டார், புகையை மோந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இன்ஜின் போச்சு. கீழ இறக்கி பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு எல்லாம் மாத்தணும். ஐயாயிரம் ஆவும்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இந்த வாட்டி உனக்குத் தீப்பெட்டி பெருசு" என்றார்.

ஜோதியம்மாள் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஐயாயிரமா? அதுக்கு நான் எங்கப்பா போவேன்?" பாதி தைத்த ரவிக்கையை மடித்து வைத்தாள். "விக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்கனு பலராமன் முன்னயே சொல்லி வச்சிருக்காரு. வர்ற விலைக்குக் குடுத்துடலாம் வேணு. வேதா படிச்சது போதும், வீட்ல உக்காந்து காஜா எடுக்கட்டும். நீயும் வேற வண்டி பாத்துக்கோ."

வேணு அங்கே நிற்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு பலராமனிடம் ஓடினான்.

"அண்ணே, கொஞ்சம் கம்மி பண்ணிச் சொல்லுங்க. அக்கா வண்டிய விக்கறேன்றாங்க."

"விக்கட்டுமே. நான்தான வாங்கப்போறேன். தீபத்துக்குள்ள ரெடி பண்ணி ரோட்ல விட்டுடுவேன்."

"இன்ஜின இறக்கி ஏத்த அவ்ளோ நாள் போதுமாண்ணே?"

பலராமனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்ஜின எவன்டா இறக்கப்போறான்? சும்மா ரெண்டு நாள் சில்லறை வேலைதான்."

"அப்போ வண்டி ஓட்றதுக்கு..."

"என் மச்சான் சும்மாதான் சுத்திக்கினு இருக்கான். அவன் ஓட்டட்டும். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

இத்தனை வருஷமாக அந்தம்மாவின் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று தெரிந்தும் வேணு பேசாமல் இருந்தான். இப்போது அந்த அம்மி அவன் தலைக்கு வந்தபோதுதான் கனம் தெரிந்தது. முதலில் அவனுக்கு வந்தது மனசாட்சி இல்லை, பயம்தான். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஜானி பாஷா என்று ஒரு மெக்கானிக் இருந்தார். நாற்பது வயது, அதிகம் பேசாதவர். டிரைவர்கள் அவர் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வேலை தெரியாதவர் என்பதால் இல்லை. வாசலில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று போட்டிருப்பார். வண்டியின் சொந்தக்காரர் வந்து அதில் உட்கார்ந்தால்தான் ஸ்பானரைக் கையில் எடுப்பார். கழற்றிய பழைய சாமானைக் கோணிப்பையில் போட்டுச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். தீப்பெட்டி கிடையாது. அதனால் அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

"அவங்க பொம்பளை, பாய். வண்டியப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்று அவரிடம் போய் வேணு கெஞ்சிப் பார்த்தான்.

"கண்ணு தெரியும் இல்ல? அது போதும். கூட்டிக்கினு வா."

'விற்கிறதுக்கு முன்னால் இன்னொருத்தரிடம் காட்டிவிடலாம்' என்று வேணு சொன்னதற்கு ஜோதியம்மாள் அரைமனதாகத்தான் சம்மதித்தாள். மறுநாள் காலை, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பழைய பில்கள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கார் பழுது பார்ப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஜானி பாஷா ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீரோடு சேறு மாதிரி மஞ்சளாக ஏதோ வழிந்தது. ஜோதியம்மாள் எழுந்து வந்து, விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"இது மஞ்சள்தூளாச்சே! குழம்புக்குப் போடறது இங்க எப்படி வந்துச்சி?"

"ரேடியேட்டர் ஓட்டை விட்டா சில பேரு இதைக் கொட்டி அடைப்பாங்கம்மா. நடுவழியில நின்னா ஊர் போய்ச் சேர்றதுக்கு ஆவும். அப்படியே விட்டா உள்ள போயி எல்லாக் குழாயையும் அடைச்சிக்கும். தண்ணி ஓடாம இன்ஜின் கொதிக்கும். கொதிச்சிக் கொதிச்சி மேல் மூடிக்கு அடியில இருக்கற கேஸ்கட் தகடு வெந்துபோச்சு. அந்த வழியா தண்ணி உள்ள போயிதான் புகையா வருது. அந்த ஹெட்டு மூடியக் கழட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க. இன்ஜின் போயிருக்காதுன்னுதான் தோணுது."

ஜோதியம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "இன்னா பாய் சொல்றீங்க? சித்திரையில புது ரேடியேட்டர் போட்டாச்சு. இதோ பில்லு. புதுசுக்கு எதுக்கு மஞ்சள்தூள்?"

அவர் கத்தி முனையால் ரேடியேட்டரைச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்தது. உள்ளே பச்சை பூத்த பழைய பித்தளை தெரிந்தது.

"பெயின்ட்தாம்மா புதுசு."

ஆனால் அவள் நம்பவில்லை. பலராமன் அவள் கணவர் காலத்திலிருந்து தெரிந்தவர். இந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஒரு மெக்கானிக் செய்த வேலையை இன்னொரு மெக்கானிக் நல்லது என்று சொன்னதாக எங்கேயும் சரித்திரம் இல்லை.

"அவரு இன்ஜின் போச்சுன்றாரு. நீங்க அவரு போட்டது பழசுன்றீங்க. யாரு சொல்றது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்? வேணு, வண்டிய எடு. வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்" என்று பையைச் சுருட்டிக்கொண்டாள்.

ஜானி பாஷா வாதாடவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போயிற்று. குழாயைத் திருகி மூடிவிட்டு, வெளியே போன தண்ணீருக்குப் பதிலாகத் தன் குடத்தை எடுத்து ரேடியேட்டரை நிரப்பத் தொடங்கினார். வழியில் வண்டி நின்றுவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

வேணு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேசாமல் இருந்தாலும் வேலை போகும், பேசினாலும் போகும். இதில் அவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் குற்றமே செய்யாத ஒருத்தர் பொய்யன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதை அவனால் பார்க்க முடியவில்லை.

"அக்கா" என்றான். "பாய் சொல்றதுதான் நிஜம். அந்த மஞ்சள்தூள நான்தான் வாங்கியாந்தேன். நாலு பாக்கெட்டு. புது ரேடியேட்டரே போடல. பலராமன் பெயின்ட் அடிச்சாரு, நான் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு ஒரு பங்கு குடுத்தாரு. இது மட்டும் இல்லக்கா, ரொம்ப நாளா வாங்கறேன்."

கார்ச் சாவியை எடுத்து நாற்காலியின் கையில் வைத்தான். ஜோதியம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன.

"உன்னைத் தம்பி மாதிரி நெனச்சேனேடா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாய், நான் உங்களச் சந்தேகப்பட்டது தப்பு. மனசுல வச்சிக்காதீங்க. ஹெட்டைக் கழட்டுங்க, நான் பாக்கறேன்."

அவர் சொன்னது போலவேதான் இருந்தது. கேஸ்கட் ஒரு மூலையில் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே சிலிண்டர் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் குனிந்து தன் விரலாலேயே தடவிப் பார்த்தாள். ரேடியேட்டரைக் கழுவி ஓட்டையைப் பற்றவைத்து, ஹெட்டை மட்டம் பார்த்து, புது கேஸ்கட் போட்டு வண்டி மூன்றே நாளில் கிளம்பிவிட்டது. பலராமன் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வண்டியை எடுக்க வந்த அன்று வேணு கொட்டகையின் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தான். ஜோதியம்மாள் சாவியை அவன் பக்கம் நீட்டினாள்.

"அன்னிக்கு நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா என் பொண்ணு படிப்பு போயிருக்கும். அதுக்காக வண்டிய எடு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் பாக்காம காசு குடுத்தேன். நீ பாத்தும் பாக்காத மாதிரி காசு வாங்கினே. பலராமன் ஒருத்தராலயா இந்த வண்டி படுத்துச்சி? நாம ரெண்டு பேரும் இடம் குடுத்தோம், அவரு ஏமாத்தினாரு. இனிமே வண்டி எங்க நின்னாலும் நான் வந்து பக்கத்துல உக்காருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கோணிப்பையில் கருகிய கேஸ்கட்டையும் ஒரு பாட்டிலில் மஞ்சள் சேற்றையும் எடுத்துக்கொண்டு நேரே பலராமன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். வேணுவும் கூடவே போய், நடந்ததை நாலு பேர் முன்னிலையில் தன் வாயாலேயே சொன்னான். பலராமன் முதலில் எகிறினார். பிறகு கூட்டம் சேர்வதைப் பார்த்து, ரேடியேட்டருக்கு வாங்கிய பணத்தில் பாதியை முணுமுணுத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். மீதியை அவள் இன்னும் விடவில்லை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்தத் தீபத்துக்கு அம்பாசடர் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது. விழுப்புரத்துக்கும் வேலூருக்கும் மாறி மாறிச் சவாரி. மலை உச்சியில் தீபம் ஏறிய மாலையில், மூன்று குடும்பங்களை இறக்கிவிட்டு வந்த வேணு, வண்டியின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வேதா படிப்புக்கான இரண்டாம் தவணைப் பணத்தைக் கட்டிவிட்டாள் என்ற சேதி அவனுக்கு அன்று காலையிலேயே கிடைத்திருந்தது.

மறுவாரம் சக்கரபாணியின் வண்டி ஸ்டாண்டிலேயே இருமிக்கொண்டு நின்றது.

"ஜானி பாஷா கடைக்குப் போ. போறப்ப உன் முதலாளிய மறக்காம கூட்டிக்கினு போ" என்றான் வேணு.

சக்கரபாணி முறைத்தான். "ஏன்டா, முதலாளிய அந்த நாற்காலியில உக்கார வச்சா எனக்கு இன்னாடா கிடைக்கும்?"

வேணு தன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னான்: "அடுத்த தீபத்துக்கும் ஓட்டறதுக்கு வண்டி கிடைக்கும்டா!"