சர்தார் கண்ட பிறை

மாரண்டஹள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சர்தார் ஒரே ஒரு தடவை பிறை பார்த்தார். அதோடு அவர் பேர் கெட்டது.

எண்பத்து நான்காம் வருஷம், ரம்ஜான் இருபத்தொன்பதாம் நோன்பு. இரும்பு கேட் ஒன்றுக்குப் பற்றவைத்த கையோடு சாயங்காலம் வெளியே வந்தவர், மேற்கே மேகத்தின் இடுக்கில் வெள்ளிக் கம்பி மாதிரி பிறை தெரிந்ததாகப் பள்ளிவாசலில் போய்ச் சாட்சி சொன்னார். பொய் பேசிப் பழக்கமில்லாத மனுஷர். ஜமாஅத்தும் நம்பி, மறுநாளே பெருநாள் கொண்டாடிவிட்டது. பாலக்கோட்டிலும் தருமபுரியிலும் அன்றைக்கு முப்பதாம் நோன்பு. பிரியாணி தின்ற ஏப்பம் அடங்குவதற்குள், அன்று சாயங்காலம் ஊரார் அண்ணாந்து பார்த்தால், நூல் மாதிரி முதல் பிறை நிற்கிறது. நேற்றே வந்த பிறை என்றால் கொஞ்சமாவது பருத்திருக்க வேண்டாமா?

விட்டுப்போன அந்த ஒரு நோன்பை ஊரே பின்னால் ஒரு நாள் களா நோன்பாக வைத்துத் தீர்த்தது. சர்தார் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் பொய்ச் சாட்சி சொன்னேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாராவது கொஞ்சம் புளுகினால் போதும், 'இது சர்தார் பிறையப்பா' என்பார்கள். அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

அவர் மகள் ஷகிலா, உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வால்நட்சத்திரம் வந்த எண்பத்தாறில், அறிவியல் ஆசிரியர்களுக்கென்று வானொலியில் ஒரு விண்வெளி மாநாடு நடத்தினார்கள். மெட்ராஸுக்குப் போக வேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். மூன்று சனிக்கிழமை ரேடியோவில் பாடம் கேட்க வேண்டும். கடைசிச் சனிக்கிழமை டிரங்க் கால் போட்டு ஆளுக்கு மூன்று நிமிஷம் விஞ்ஞானியிடம் கேள்வி கேட்கலாம். பேசுவது ரேடியோவிலும் வரும்.

"நம்ம பிறையக் கேளும்மா" என்றார் சர்தார்.

"அத்தா, அது வால்நட்சத்திரத்துக்காக நடத்துறாங்க."

"வால்நட்சத்திரம் வந்தா வரட்டும், போனா போகட்டும். அதனால யாரு மானம் போச்சு?"

இரண்டாவது சனிக்கிழமை, அமாவாசையிலிருந்து பிறைக்கு எத்தனை மணி நேரம் வயசு என்று கணக்கிடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஷகிலா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அந்த இருபத்தொன்பதாம் நோன்பு நாளுக்குக் கணக்குப் போட்டாள். பத்து மணி நேரம் வந்தது. தப்பாக இருக்கும் என்று திரும்பப் போட்டாள். அதே பத்து. அவ்வளவு இளசான பிறை கண்ணுக்குத் தெரியாது என்று பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அத்தாவிடம் போய் நின்றாள்.

"கேக்க வேணாங்கத்தா. அவங்க வேற மாதிரி சொல்லிட்டா?"

"எப்படிச் சொல்லுவாங்க? நான் என் கண்ணால பாத்தேன்."

ஷகிலா கணக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசிச் சனிக்கிழமை, ஷகிலா தபாலாபீசில் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே தீர்த்தகிரியின் டீக்கடையில் ரேடியோ. சர்தார் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜமாஅத் தலைவர் அக்பர் அலியையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் வருந்தி அழைத்து வந்து அங்கே உட்கார வைத்திருந்தார்.

மணி அடித்தது. "பேசுங்கம்மா, லைன்ல இருக்காங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர் கிருஷ்ணப்பன்.

வால்நட்சத்திரத்தின் வால் பற்றி ஒரு கேள்வியை அவள் கைவசம் வைத்திருந்தாள். அதைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவர் மாதிரி அத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்காமல் வந்தால் அவர் சாகிற வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. நாளைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கேட்டேவிட்டாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "அன்னைக்குக் காலையிலதாம்மா அமாவாசை முடிஞ்சது. சூரியன் மறையும்போது சந்திரனுக்குப் பத்து மணி நேரம்தான் வயசு. அந்தப் பிறை யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது."

"பாத்தவரு பொய் சொல்றவரு இல்லீங்க சார்."

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"வெல்டிங் பட்டறைங்க."

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்குவாரா?"

"இல்லீங்க. மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"அந்த வெளிச்சம் கண்ணுலயே கொஞ்ச நேரம் நிக்கும்மா. கோடாத் தெரியும், வளைவாத் தெரியும். அவர் பொய் சொல்லல. பார்த்தது வானத்துல இல்ல, அவ்வளவுதான்."

லைன் அறுந்தது. மூன்று நிமிஷம் முடிந்திருந்தது.

ரோட்டைத் தாண்டி அவள் வந்தபோது டீக்கடையில் ரேடியோவை நிறுத்தியிருந்தார்கள். "பொய் இல்லேன்னு சொல்லிட்டாங்களே பாய், அப்புறம் என்ன?" என்றார் அக்பர் அலி. கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள் என்று தீர்த்தகிரி ஆரம்பித்து, சர்தார் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டார். சர்தார் கண்ணை ஒரு தடவை கசக்கிவிட்டு எழுந்தார்.

மகளும் பின்னாலேயே வர, வீட்டுக்கு நடந்தார். ரஹமத் பீவி கதவருகில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் எல்லாம் கேட்டிருந்தாள். சர்தார் மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு நோன்ப முழுங்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். "ஊரே என்னை விட்டப்பவும் இந்த வூட்டுல நீங்க ரெண்டு பேரும் விடல. என்னை நம்பி நீங்களும் வைக்காம இருந்துட்டீங்க. நாளைக்கு மூணு பேரும் ஒண்ணா வச்சு முடிச்சிடலாம். விடியுமுன்னே சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்மா."

பிறை கண்ட அந்த எண்பத்து நான்கிலேயே, சர்தார் தகடு வாங்க ஓசூருக்குப் போயிருந்த ஒரு நாளில், தாயும் மகளும் அந்த நோன்பை வைத்து முடித்திருந்தார்கள். அவர் திரும்புவதற்குள் நோன்பு திறந்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ரஹமத் பீவி மகளைப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஊரறிய உண்மையைக் கேட்டு வாங்கிய ஷகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுப்புறேங்கத்தா" என்றாள்.

"மூணு பேருக்கும் சேத்தே ஆக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு ரஹமத் பீவி உள்ளே போனாள்.