காற்றில் நாற்பது கிரெயின்

சமையலறை மேசைமேல் இரண்டு தோட்டாப் பெட்டிகள் இருந்தன. மஞ்சள் மூடிப் பெட்டியில் நாற்பது கிரெயின் எடையுள்ள சின்னக் குண்டுகள். சிவப்பு மூடிப் பெட்டியில் அறுபது. இரண்டையும் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வெர்னாதான் செய்திருந்தாள். வெளியே கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வையோமிங்கில் மே மாதக் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

"சிவப்ப எடு," என்றான் அவள் தம்பி ஆர்லோ. "இந்தக் காத்துல உன் மஞ்சள் குண்டு பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவுல போய் விழும்."

"சிவப்பு இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வரும். வயித்தக் கிழிச்சுக் கொட்டிட்டுப் போயிடும். எனக்கு வயிறு முழுசா வேணும்."

"எதுக்கு, சூப் வைக்கவா?"

எதற்கென்று அவனுக்கே தெரியும். விடிகாலையில் கிழக்கு மேய்ச்சலில் ஓர் ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தது. இந்த மாதத்தில் ஒன்பதாவது. இரட்டைக் குட்டிகளுக்குத் தாயின் எண்ணைப் பச்சைச் சாயத்தில் இரண்டு விலாவிலும் எழுதுவார்கள், ஒற்றைக்கு நீலம். செத்தது அறுபத்து மூன்றாம் எண், பச்சை. ஒரு பக்கத்து விலா எண்ணோடு சேர்த்துத் தின்னப்பட்டிருந்தது. பத்தடி தள்ளிக் காவல் நாய் டீக்கன் வாயெல்லாம் ரத்தமாக நின்று வாலாட்டியது.

ஆர்லோ அப்போதே துப்பாக்கியை எடுத்துவிட்டான். ருசி கண்ட நாய் திருந்தாது என்பது அவன் கட்சி. வெர்னா குறுக்கே நின்றாள். ஓநாய்ச் சாதிக் கயோட்டிதான் கொன்றது, மேற்கு ஓடைப் பள்ளத்தில் ஒரு ஜோடி குடியிருக்கிறது என்றாள்.

"அப்ப இவன் வாயில என்ன, ஜாமா?"

"இன்னும் முப்பது ஆடு குட்டி போட நிக்குது. அது நஞ்சுக்கொடி ரத்தம்டா, அதத் தின்னாத காவல் நாய் எங்க இருக்கு?"

"சர்ச் ஊழியர் மாதிரி டீக்கன்னு பேர் வச்சுட்டா சர்ச்சுல சேர்த்துக்குவாங்கன்னு நெனச்சியா?"

கடைசியில் பேரம் படிந்தது. மத்தியானத்துக்குள் பள்ளத்துக் கயோட்டியை அவள் சுட்டுக் கொண்டுவர வேண்டும். இரைப்பையைக் கிழித்துப் பார்ப்பது. கம்பளி இருந்தால் டீக்கன் பிழைத்தான். இல்லாவிட்டால் அவளே டீக்கனைச் சுட்டுவிடுவாள், ஆர்லோ கை வைக்கக் கூடாது. கோபத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை விழுங்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, அதுதான் தொல்லை. உண்மையில் அவளுக்கு அந்த நாயைப் பிடித்த அளவுக்கு வேறு யாரையும் பிடிக்காது, தம்பியையும் சேர்த்துத்தான்.

மஞ்சள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நெஞ்சில் பட்டால் நாற்பது கிரெயின் குண்டு உள்ளேயே நொறுங்கி நின்றுவிடும், வயிற்றைத் தொடாது. ஆனால் காற்று அதைத் தள்ளும். நூறு கெஜத்தில் நாலு விரல், இருநூற்றைம்பதில் இரண்டு சாணுக்கு மேல். தள்ளிப்போய் வயிற்றில் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கூழாகிவிடும். பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கிட்டத்தில் வரவழைக்க வேண்டும்.

பத்து மணிக்குப் பள்ளத்தின் விளிம்பில் முட்புதரை ஒட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். வெர்னா கழுத்தில் தொங்கிய ஊதலை வாயில் வைத்து, பிடிபட்ட முயல் அலறுவதுபோல ஊதினாள். காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. மூன்றாம் முறை ஊதுவதற்குள் பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கயோட்டி வந்தது. நடந்து வரவில்லை, நாலுகால் பாய்ச்சலில் ஓடி வந்தது. தொண்ணூறு கெஜத்தில் நின்று தலையைத் தூக்கியது.

வெர்னா புல் சாயும் திசையைப் பார்த்து, நாலு விரல் காற்றுப் பக்கம் தள்ளிக் குறிவைத்தாள். சுட்டாள். நின்ற இடத்திலேயே விழுந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தால் தோளுக்குப் பின்னால் கடுகளவு ஓட்டை. மறுபக்கம் ஒன்றுமில்லை, வயிறு முழுசு. தன் கைவேலையைப் பார்த்து அவளுக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது. கத்தியை எடுத்துக் கிழித்தாள். இரைப்பையில் இரண்டு வண்டும் ஓர் எலி வாலும் இருந்தன. மற்றபடி காலி.

மறுபடியும் விரலால் துழாவினாள். கம்பளி இல்லை, ஒரு நூல்கூட இல்லை.

ஆர்லோ கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "நான் வேணா செய்யறேன். நீ வீட்டுக்குள்ள இரு," என்றான்.

"நான்தான் செய்வேன்னு சொன்னேன்ல."

கத்தியைப் புல்லில் துடைத்தாள். கொட்டகையில் கட்டிப் போட்டிருக்கும் நாய் துப்பாக்கியைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசித்தாள். வாலாட்டும், வேறென்ன செய்யும்?

"பாவம், எலும்பும் தோலுமா இருக்கு," என்றான் ஆர்லோ, கயோட்டியைக் காலால் புரட்டி. "மூணு நாள் பட்டினி கெடந்த மாதிரி ஓடி வந்துச்சு."

வெர்னாவின் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"பட்டினின்னேன்."

"உட்காருடா கீழ."

"எதுக்கு?"

"நன்றித் திருநாள் விருந்துல வான்கோழிய மொத்தமா முழுங்கிட்டு, பக்கத்து வீட்டுல சாண்ட்விச்னு கேட்டா நீ எந்திரிச்சு ஓடுவியா?"

ஆர்லோ யோசித்தான். "ஆப்பிள் பைன்னு கேட்டா ஓடுவேன்."

"நான் முயல் சத்தம் ஊதினேன். பசிச்சதுதான் வரும். குட்டிய முழுங்கினது நிழல்ல படுத்து ஏப்பம் விட்டுட்டு இருக்கும். முட்டாளு, நான்தான் முட்டாளு. தப்பான ஆளக் கூப்பிட்டேன்."

இந்த முறை வேறு மாதிரி ஊதினாள். அடிபட்ட கயோட்டிக் குட்டி ஈனமாகக் கத்துவதுபோல. வயிறு நிறைந்திருந்தாலும் பெற்றதுக்குக் காது இருக்குமே.

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்தின் எதிர்க்கரையில் ஒன்று எழுந்து நின்றது. பெரியது. வயிறு தொங்க, கால் அகட்டி, சலித்துக்கொண்டு நடப்பதுபோல வந்தது. இருநூற்றைம்பது கெஜத்துக்கு மேல் கிட்டே வரவில்லை.

ஆர்லோ சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பெட்டித் தோட்டா ஒன்றை எடுத்து நீட்டினான்.

"வேண்டாம்," என்று அவள் கிசுகிசுத்தாள். "துப்பாக்கிக் குறி நாப்பதுக்குப் பழக்கினது. அறுபது எங்க போய் விழும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

இரண்டு சாண் தள்ளிக் குறிவைத்தாள். பள்ளத்துக்குள் காற்று இன்னும் வேகமாக ஓடும் என்பதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம் இருந்தும் மறந்தாள், கண்ணுக்குள் நாய் நின்றதால். குண்டு கயோட்டியின் பின்னங்காலைத் தாண்டி மண்ணைக் கிளப்பியது.

கயோட்டி துள்ளியது. ஓடப் பார்த்தது. அந்தச் சுமையோடு ஓட முடியவில்லை. நின்று, முதுகை வளைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கக்கியது. பிறகு ஆளே மாறினதுபோல மேட்டைத் தாண்டிப் பறந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே, நெப்ராஸ்கான்னு," என்றான் ஆர்லோ.

வெர்னா பள்ளத்தில் இறங்கி ஏறி அந்த இடத்துக்கு ஓடினாள். ஆர்லோ மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். கக்கியது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை அவள் குச்சியால் கிளறினாள். இறைச்சிக்கு நடுவே தோலோடு ஒட்டிய கம்பளி, உள்ளங்கை அகலம். அதில் பச்சைச் சாயத்தில் அறுபத்து மூன்றின் முதல் இலக்கம், ஆறு, பாதி அழிந்து.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஆர்லோ மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது நாளைக்கும் வரும். நாளைக்குச் சிவப்புக்குக் குறி பழக்கிட்டு வா," என்றான்.

"வர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் நேரே கொட்டகைக்குப் போனான். டீக்கன் வழக்கம்போல வாலாட்டியது. ஆர்லோ குனிந்து சங்கிலியை அவிழ்த்தான். ஒரு கை நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்ததால் அவிழ்க்க ரொம்ப நேரம் பிடித்தது.