ஷோவா பத்தொன்பது, மூன்றாம் மாதம்

பரிசோதகர் வாளின் கைப்பிடியிலிருந்த மூங்கில் ஆணியைச் சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்தபோது தொமிஎ கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். காலை ஆறு மணிக்கே பஸ் ஏறியிருந்தார்கள். வாளைப் பதிவு செய்ய வந்தவர்கள் அந்த அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுடையது பதினொன்றாம் எண். பக்கத்தில் அவளுடைய அண்ணன் குனியாகி இடுப்புவலியை மறந்து முன்னால் சாய்ந்திருந்தான்.

அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து துணிப்பெட்டியைக் காலி செய்தபோது, அடியில் ஒரு பழைய கிமோனோ கச்சையில் சுற்றி வைத்திருந்தது இந்த ராணுவ வாள். குனியாகிக்குச் சந்தேகமே இல்லை. சீனாவில் அப்பா இடுப்பில் கட்டியிருந்த வாள். போர் முடிந்ததும் அமெரிக்காக்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்று அப்பா சாகும்வரை சொன்ன வாள். அம்மாதான் ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறாள். எவனோ பெரிய கொல்லன் அடித்ததாக இருக்கும், முன்னறையில் வைக்கலாம் என்று மூன்று வாரமாக அதே பேச்சு. தொமிஎவுக்கு வீடு காலியானால் போதும் என்றிருந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினொரு வருஷம் தூக்கித் தூக்கி அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கைப்பிடிக்குள் மறைந்திருந்த இரும்பில் எழுத்துகள் தெரிந்தன. பரிசோதகர் விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"செகி ஊர்க் கொல்லர், கானெமொரி. ஆனா இங்க பாருங்க, சின்னதா ஒரு முத்திரை. பட்டறையில அடிச்சது இல்ல, தொழிற்சாலை வேலை. கையால அடிச்சதைத்தான் வீட்டுல வச்சுக்கப் பதிவு பண்ணுவோம், இது முடியாதுங்க. போலீஸ்ல குடுத்துடுங்க, துண்டா வெட்டிடுவாங்க. உறை, கைப்பிடியை நீங்க வச்சுக்கலாம்."

குனியாகி கேட்டது வேறு. "வருஷம் என்ன போட்டிருக்கு?"

"ஷோவா பத்தொன்பது, மூணாம் மாசம். போர் முடியறதுக்கு முந்தின வருஷம்."

"சரியா பாருங்க ஐயா. எங்கப்பா கால்ல குண்டடி பட்டுப் பதினேழுலயே வீட்டுக்கு வந்துட்டாரு. அப்புறம் போகவே இல்ல."

"அப்ப இது வேற யாரோடதோ."

தொமிஎவுக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் அண்ணன் தாதஷி. அம்மாவை முதலில் கட்டியவர். பத்தொன்பதில் ராணுவ அதிகாரியாகி, கப்பல் ஏறுமுன்பே ஹிரோஷிமா ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கில் போய்விட்டார். சாம்பலும் சாமான்களும் வீடு வந்தன. போர் முடிந்ததும் பெரியவர்கள் பேசி அம்மாவைத் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். பெரியப்பாவைப் பற்றிக் கேட்டால், "எட்டு மாசம்தான் கூட இருந்தாரு, முகமே மறந்துபோச்சு" என்பாள் அம்மா.

"நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க," என்றார் பரிசோதகர், அலகைச் சாய்த்து. "அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு பொட்டுத் துரு இல்ல. இப்பக் கொஞ்ச வருஷமா விட்டுட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி வருஷம் தவறாம எண்ணெய் போட்டிருந்தாத்தான் இப்படி இருக்கும்."

ஒவ்வொரு வருஷமும் இலை உதிரும் பருவத்தில் துணிகளைக் காற்றாடப் போடும் நாளில் அம்மா அவளை டோஃபு வாங்க அனுப்பிவிடுவாள். பக்கத்துக் கடை வேண்டாம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடைதான் வேண்டும். படுக்கையில் விழுகிறவரை அப்படித்தான். அந்த உடம்பில் தனக்குத் தெரியாத இடமே இல்லை என்று தொமிஎ நினைத்திருந்தாள்.

"தொமி, இது பெரியப்பாவோடது. அப்பாவுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும் அண்ணா."

"அதே ரூம்லதானே நாப்பது வருஷம் படுத்திருந்தாரு."

குனியாகி கையை நீட்டி, அலகின் நடுவில் கட்டைவிரலை வைத்தான். நல்ல மாடா இல்லையா என்று சந்தையில் தடவிப் பார்ப்பவனைப்போலத் தடவினான்.

"தொடாதீங்க," என்றார் பரிசோதகர். "கைபட்ட இடம் துருப்பிடிக்கும்." பிறகு, எப்படியும் வெட்டப்போவதுதானே என்று தோன்றியிருக்க வேண்டும், தலையைக் குனிந்து படிவத்தை எழுதத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். நீளத் துணிப்பையோடு ஒருவர் எழுந்து இவர்கள் பின்னால் வந்து நின்றார். தொமிஎ எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மடித்து, அண்ணனின் விரல் பதிந்த இடத்தில் வாயால் ஊதாமல், அழுத்தாமல், ஒரே பக்கமாகத் துடைத்தாள். தடம் போகவில்லை. கைக்குட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் துடைத்தாள்.