கேமரா திரும்பிய பக்கம்

கெட்டிமேளம் முழங்கியபோது அருணகிரி தன் மகளின் கழுத்தைப் பார்க்கவில்லை. பதினாறு நாளாக அவர் யாரிடமும் சொல்லாத ரகசியம் இது. ஒரே மகள் கீதாவுக்குத் தாலி ஏறியதை ஆரணியே பார்த்தது, பெற்றவர் பார்க்கவில்லை. "கண்ணு நெறைய பாத்தேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கூசாமல் புளுகிவிட்டு, கல்யாணக் கேசட்டுக்காகக் காத்திருந்தார். அதில் பார்த்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்பது அவர் கணக்கு.

கேசட் ஜெயவேல் கையில் இருந்தது. தொண்ணூற்றெட்டில், ஆரணியை ஒட்டிய அவர்கள் ஊரான சேவூரில் சொந்தமாக வீடியோ கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். சினிமாப் பைத்தியம், அதிலும் ஒரே ஒரு டைரக்டர் மேல் பைத்தியம். விருதாக வாங்கிக் குவித்த அந்த மனுஷனின் பேர்போன மூன்று படங்களையும் பத்துப் பத்துத் தடவை பார்த்தவன், நிச்சயதார்த்தத்தன்றே அருணகிரியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தான்.

"மொதல் படத்துல ரயில் கவுந்துடும்ணா. ரயில காட்டமாட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டர் பொண்டாட்டி பால் காய்ச்சிகினு இருப்பா, அத்த காட்டுவாரு. ரெண்டாவதுல ஹீரோ செத்துடுவான். வாசல்ல கெடக்குற செருப்ப காட்டுவாரு. மூணாவதுல, காதலனும் காதலியும் பத்து வருஷம் கழிச்சிப் பாத்துக்குவாங்க. டீ ஆறிகினு இருக்கும்."

"டீயா?"

"டீ மட்டும்தான்ணா. தேட்டர்ல அழாத ஆளு இல்ல. நம்ம கீதா கல்யாணத்தயும் அப்டியே எடுத்துடறேன்."

அருணகிரிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பெரிய மனுஷத்தனமாகத் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

ஞாயிறு மதியம் விருந்துக்கு வந்திருந்த மகள், மாப்பிள்ளை, சொந்தபந்தம் எல்லோரும் டி.வி. முன் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜெயவேல் கேசட்டைச் சொருகினான். அருணகிரி கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் ஐயர் கையை உயர்த்தினார். மேளம் உச்சத்துக்குப் போனது. கேமரா மெல்ல, ஐயோ, அவ்வளவு மெல்ல, தாலியை விட்டு நகர்ந்து, கீதாவின் இடுப்புக்குப் பக்கத்தில் குனிந்திருந்த ஒரு வழுக்கைத் தலையில் போய் நின்றது.

அருணகிரியின் தலைதான். கூறைப்புடவை அவரே நெய்தது. அதன் முந்தானையில் ஜரிகை நுனி ஒன்று அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கண் பொறுக்கவில்லை. மணவறையில் கத்தரிக்கு எங்கே போவது? பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அட்சதை அவர் முதுகில் விழுந்தது.

"இன்னாங்க இது? கண்ணு நெறைய பாத்தேன்னு சொன்னீங்களே!" என்றாள் மனைவி கமலம். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஜெயவேலு, தாலி எங்கடா?"

"அதாண்ணா, அந்த டைரக்டரு..."

"உன் டைரக்டர் தலையில இடி உழ! இதுலயாவது பாக்கலாம்னுதானேடா பதினாறு நாளா உக்காந்துகினு இருந்தேன்!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. கமலத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கீதா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தபா போடுங்கண்ணா. அங்கியே நிறுத்துங்க."

படம் கோடு கோடாக நடுங்கி நின்றது. அருணகிரி இந்தத் தடவை தன் தலையை விட்டுவிட்டு அதற்கு மேலே பார்த்தார். ஊர் முழுக்க அட்சதை தூவிய அந்த நிமிஷத்தில், கீதா தலை நிமிராமல், அப்பாவின் பல்லுக்கு எட்டட்டும் என்று, முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.