முதல்வர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டூலில். என் அப்பாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று சொல்வதற்கு முன், டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்களுக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். கெட்ட செய்தியை அவர் நின்றுகொண்டு சொன்னதே இல்லை. நம் கேள்விகள் தீரும்வரை எழுந்ததும் இல்லை. ஆகவே நான் நடுநிலையாளன் அல்ல. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'ஏழைகளின் கண்ணீர் துடைக்க அரசியலில் குதித்த அந்த மாதரசி—' (வேண்டாம். சுவரொட்டி வாசனை அடிக்கிறது.)

உள்ளது இதுதான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மருந்து எழுதி எழுதிக் கை சலித்துப்போய், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யத்தான் நகராட்சித் தேர்தலில் நின்றார். குழாய் சரியானது. ஊர் அவரை விடவில்லை, சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இப்போது மாநிலத்துக்கே முதல்வர். இன்னமும் மனு கொடுக்க வருபவரின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்கே, ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா?" என்று அதட்டிவிட்டுத்தான் மனுவை வாங்குகிறார்.

3

டாக்டரம்மாவின் தம்பி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். அக்காவின் தேர்தல் வேலைகளையெல்லாம் பார்ப்பவர் அவர். முதல் வரைவில் அவரைக் குள்ளநரியாக எழுதியிருந்தேன். [அடித்துவிட்டேன். அக்கா தோற்பதைப் பார்க்கத் தாங்காதவர், அவ்வளவுதான்.]

கடைசி நாள் பிரசாரக் கூட்டம், சொந்தத் தொகுதியில், மூடிக் கிடக்கும் மில்லின் வாசலில். இந்தத் தொகுதி போனால் முதல்வர் பதவியும் போகும். எதிர்க்கட்சிக்காரர் முந்தைய நாள்தான் அதே இடத்தில், "ஜெயிச்சதும் மில்லைத் திறப்பேன்" என்று அடித்துவிட்டுப் போயிருந்தார்.

தம்பி காதோடு சொன்னார்: "அக்கா, 'பார்க்கலாம்'னு மட்டும் சொல்லு. அது பொய்கூட இல்லையே."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டாக்டரம்மா, மில்லு திறக்குமா, திறக்காதா?"

டாக்டரம்மா மைக்கைத் தம்பி கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். ஒலிபெருக்கிக்காரரின் ஸ்டூல் கண்ணில் பட்டது. அதை இழுத்தார்.

தம்பி மேடை விளிம்புக்கு ஓடிவந்தார். "ஐயோ அக்கா, உட்காராதே!"

உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஸ்டூலுக்கு எதிரே ஒரு தடவையாவது உட்காராத குடும்பம் அந்த ஊரில் இல்லை. அவர் பேசுவதற்கு முன்பே அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திறக்காதும்மா" என்றார். "விஷயம் தெரிஞ்சவங்களைக் கூட்டிவந்து உள்ளே பார்த்துட்டேன். இனிமே அது ஓடாது. திறக்கும்னு சொன்னா எனக்கு ஓட்டு விழும். உன் பையன் வேற வேலை தேடாம காத்துக்கிட்டே கிடப்பான்."

"அப்ப நாங்க என்ன பண்றது?"

"அதைப் பேசத்தானே உட்கார்ந்திருக்கேன். கேளு."

கேட்டார்கள். திட்டினார்கள். ஒருவர் அழுதார். அடுத்த ஊர்க் கூட்டம் காத்திருக்கிறதென்று ஜாடை காட்டிக் காட்டி ஓய்ந்த தம்பி, கடைசியில் அக்காவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

4

முடிவு ஒன்று: அமோக வெற்றி, மாலைகள், தம்பி ஆனந்தக் கண்ணீர்— (சினிமா. கிழித்தாயிற்று.)

முடிவு இரண்டு: தோற்று, பழைய கிளினிக்கின் கதவைத் திறந்து— (உங்களை அழவைக்கப் பார்த்தேன். மன்னிக்கவும்.)

கதையில் இப்போது தேர்தல் நாள் காலை. அந்த மில்லுக்காகக் காத்திருப்பவன் உங்கள் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்த நம்பிக்கையையும் டாக்டரம்மா பிடுங்கிவிட்டார். கோபம் வரும். அப்பா விஷயத்தில் எனக்கும் வந்தது. அப்புறம்தான் மிச்சமிருந்த நாட்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையாமல் அவரோடு உட்கார்ந்து கழித்தோம். [இது பிரசாரம். தெரிந்தேதான் சேர்க்கிறேன்.]

வாக்குச்சாவடி வாசல்வரை உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன். மறைப்புக்குப் பின்னால் ஒருவர்தான் போகலாம். போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.