வாராவாரம் உச்சி

"உச்சிக்குத்தான் சார் போயிருக்காரு. வேற எங்க போவாரு? ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு உச்சிதான்."

தையற்காரி மீட்புப் படைக்காரரிடம் போனில் அடித்துச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு டாண் என்று வந்து நிற்கிற கணவர், வெயில் சாய்ந்தும் வரவில்லை. அவர் போனுக்கு லைனே கிடைக்கவில்லை. மலையின் மறுபக்கம் ஜீப் பாதை உண்டு, அந்த வழியாக உச்சிக்கு ஆட்களை அனுப்புகிறோம், நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்றார் மீட்புப் படைக்காரர். வீட்டில் இருப்பதாவது! பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேளாவேளைக்குத் தின்றுவிட்டு முறைப்பாக உட்கார்ந்திருப்பதால் அந்த நாய்க்குக் கணவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. வாராவாரம் அவரோடு மலைக்குப் போவது அதுதான். பாதத்தில் கண்ணாடி குத்தியிருந்ததால் இன்று மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவள் இந்த மலையில் ஏறியதே இல்லை. ஆனால் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அளவு கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. இந்த வயசுலயும் வாராவாரம் உச்சியைத் தொட்டுட்டு வர்றாரு. உங்காளு சோபாவை விட்டு எந்திரிக்கிறாரா?" என்று பீற்றிக்கொள்வாள். உள்ளே இருந்து அவரும், "மாப்பிள்ளை எனக்கு முன்னாடி போய் மேல நிப்பான்ல" என்று குரல் கொடுப்பார்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பலகை மேலே போகச் சொன்னது. நாயோ இடப்பக்கச் சரிவை நோக்கி இழுத்தது. குரைத்துத் தீர்த்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்றது.

"சனியனே, அந்த மனுஷன் என்ன கதியில கிடக்காரோ, உனக்கு முயல் கேக்குதா?" முதுகில் ஒன்று வைத்து, பட்டையைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுத்துப் போனாள்.

"ஏங்க! ஏங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் அவர் சட்டை தெரிவது போலிருந்தது, கிட்டே போனால் ஒன்றும் இல்லை. அவர் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைய அவளால் முடியாது.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை முடிந்துவிட்டது. செங்குத்தான பாறை. அதில் அறைந்த இரும்பு ஏணி. இந்தப் பக்கம் வேறு வழியே இல்லை. நாய் ஏணியை முகர்ந்து பார்த்து, புதுச் சாமானைக் கண்டது போலப் பின்வாங்கியது.

முதல் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். நாய் எப்படி இதில் ஏறும்?

பாறைக்கு மேலிருந்து மீட்புப் படை ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இங்க யாரும் இல்லம்மா!"

"இருக்க மாட்டாரு! அவரு இங்க வந்ததே இல்ல!" என்று அலறினாள். "கீழ, பாதை பிரியுற இடத்துல... வாங்க, சீக்கிரம் வாங்க!"

அவர்கள் ஸ்ட்ரெச்சரை ஏணியில் இறக்கும்வரை அவள் நிற்கவில்லை. நாயை அவிழ்த்துவிட்டு, விழுந்தும் எழுந்தும் பின்னாலேயே ஓடினாள். அதே இடப்பக்கச் சரிவில்தான் அது பாய்ந்து இறங்கியது.

சரிவு முடிகிற இடத்தில் ஒரு மரம். மரத்தடியில் பழைய பஸ் சீட் மெத்தை ஒன்று, உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோயிருந்தது. அதன் பக்கத்தில் அவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நாய் அவர் முகத்தை நக்கியது.

"ஏற முடியல..." என்றார். "ரொம்ப நாளாவே மூச்சு வாங்குது."

"பாவி மனுஷா, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீதான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தியே..."

அவள் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இங்க இருக்காரு! இங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். பதில் வெகு தூரத்திலிருந்து வந்தது. அவருக்கு ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"அப்பவே மாப்பிள்ளை குரைச்சது கேட்டுச்சு," என்றார். "நீ வந்துட்டேன்னு நினைச்சேன். கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தம் வரல. அப்புறம்... குரைக்கிற சத்தம் மேல மேல போயிடுச்சு."